லாம்புக்காரியின் கடைசி நாள்

எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி சூடேறும்போது அதன் முதுகிலிருந்து தூசி கருகும் வாசம் வரும். அதோடு மழையில் நனைந்து சுவரோரம் காய்ந்துகொண்டிருக்கும் பாடசாலைச் சப்பாத்துகளின் வாசமும், அடுப்படியில் அம்மா தாளிதத்தில் போடும் ரம்பை இலையின் வாசமும் கலந்துவிட்டால், கடிகாரத்தைப் பார்க்காமலே மணி ஐந்து என்று சொல்லிவிடலாம். ஐந்து மணிக்கு "லாம்புக்காரி" தொடங்கும். இன்றைக்கும் எங்காவது பழைய மின்சாரப் பொருள் ஒன்று சூடேறி அந்த வாசம் வந்தால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது நான் சொன்ன பொய்தான். கதை அதற்குப் பிறகுதான் வரும்.

அது ஜப்பானிலிருந்து வந்த தொடர். அந்த வகைக்கு "அனிமே" என்று ஒரு பெயர் இருப்பது அப்போது கண்டியில் எங்கள் ஒழுங்கையில் யாருக்கும் தெரியாது. எங்களுக்கு எல்லாம் "காட்டூன்"தான். சிங்களத்தில் குரல் கொடுத்து, வார நாட்களில் மாலை ஐந்து மணிக்குப் போட்டார்கள். அதற்குச் சிங்களத்தில் நீளமாக ஒரு பெயர் இருந்தது, அதை யாரும் சொல்வதில்லை. கதையில் வரும் பெண் எப்போதும் கையில் ஒரு "லாம்பு" வைத்திருப்பாள் என்பதால், மண்ணெண்ணெய் விளக்குக்கு நாங்கள் சொல்லும் அந்தச் சொல்லிலேயே அவளுக்குப் பெயர் வைத்துவிட்டேன். பன்னிரண்டு வயதிருக்கும் அவளுக்கு. ஒரு வாவிக்கு அடியில் செத்தவர்கள் வாழும் ஊர் ஒன்று இருக்கிறது. லாம்பின் வெளிச்சத்தில் மட்டும் தெரியும் படிக்கட்டில் இறங்கிப் போய், அவள் ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டுவாள். உள்ளே இருப்பவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், எண்ணெய் தீரும் வரைக்கும் அவரை மேலே கூட்டி வரலாம். அவள் தேடியது தன் அம்மாவை. அம்மாவின் வீடு அந்த ஊரின் கடைசி வீடு என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அந்தக் கடைசிக் கதவு எப்போது திறக்கும் என்றுதான் ஒழுங்கை முழுக்கக் காத்திருந்தது.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அப்பா ஒரு கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தார். சுற்றியிருந்தவர்கள் சிங்களக் குடும்பங்கள் என்பதால் எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. நிரோஷாவுக்கு அது தெரியாது. அவள் என் சித்தியின் மகள், பத்து வயது, தெல்தோட்டையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடொன்றில் பிறந்து வளர்ந்தவள். சித்தப்பா வேறு குடும்பம் வைத்துக்கொண்டு எப்போதோ போய்விட்டார். சித்தி வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகும்போது, டவுன் பள்ளிக்கூடத்தில் படித்து ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சையில் பாஸ் பண்ணட்டும் என்று மகளை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். வெள்ளிக்கிழமை தவறாமல் சித்தியின் கோல் வரும். நிரோஷா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அந்த வாரம் செய்த மாதிரி வினாத்தாள்களின் புள்ளிகளை ஒப்புவிப்பாள். தாயும் மகளும் வேறு எதுவும் பேசி நான் கேட்டதில்லை.

ஜூன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கோல் வரவில்லை. திங்கட்கிழமை வேறொரு கோல் வந்தது. சித்தி செத்துப்போய் மூன்று நாள் ஆகியிருந்தது. பின்னால் வந்த காகிதத்தில் மாரடைப்பு என்று எழுதியிருந்தார்கள். அவளுக்கு முப்பத்தொரு வயது. காகிதத்தில் எழுதியிருந்ததை நம்புவதைத் தவிர எங்களுக்கு வேறு வழியில்லை.

அன்று மாலை அப்பா என்னையும் அம்மாவையும் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது. அப்பாவைக் கெட்ட மனிதர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அந்தப் பிள்ளைக்குத் தன் பங்குச் சோற்றை வைத்துவிட்டு எழுந்த மனிதர் அவர். ஆனால் எங்கள் ஆட்களுக்கு அந்தப் பரீட்சை ஒரு பெரிய ஆற்றைக் கடப்பது மாதிரி. அந்தக் கரைக்குப் போய்ச் சேரும் வரைக்கும் பிள்ளையின் கையில் எதையும் கொடுக்கக் கூடாது.

"சோதின முடியட்டும். அதுக்கப்புறம் நானே சொல்றேன். அதுவரைக்கும் இந்த வீட்டுல யாரும் வாயத் தொறக்கப்படாது. அவ அம்மா ஆசப்பட்டதே இந்தச் சோதினைக்குத்தானே" என்றார்.

 தன் கூடப்பிறந்த தங்கைக்கு அம்மா அழுதது எல்லாம் குளியலறையில்தான், பைப்பைத் திறந்துவிட்டு. வாளி நிரம்பி வழியும் சத்தம் நீண்ட நேரம் கேட்டால், அது துவைக்கும் சத்தமில்லை என்று எனக்குத் தெரியும். நிரோஷாவிடம், சித்தியின் போனை அவள் வேலை செய்யும் வீட்டுக்கார அம்மா வாங்கி வைத்துக்கொண்டாள் என்று சொன்னோம். அவள் நம்பினாள், அல்லது நம்பியது மாதிரி இருந்தாள். புள்ளிகளை அதற்குப் பிறகு ஒரு கொப்பியின் கடைசிப் பக்கத்தில் திகதி போட்டு எழுதி வைக்கத் தொடங்கினாள். தன் அம்மா மறுபடி கோல் எடுக்கும்போது ஒன்றையும் விடாமல் சொல்ல வேண்டுமே.

ஜூலை தொடக்கத்தில்தான் "லாம்புக்காரி" ஆரம்பித்தது. முதல் நாளே, இது செத்தவர்களைப் பற்றிய கதை என்று அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. நிறுத்தச் சொன்னார். நிறுத்தினால் அவள் ஏன் என்று கேட்பாள் என்று அம்மா சொன்னாள். தவிர, சவப்பெட்டி எப்போது வரும், எந்தக் கந்தோரில் எந்தக் காகிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டும் என்று ஆட்கள் வந்து அடுக்களையில் பேசுவதும் அந்த நேரத்தில்தான். பிள்ளையை முன்னறையில் உட்காரவைக்க ஏதாவது வேண்டியிருந்தது. அப்பா என்னிடம், "நீதானே அவளுக்குச் சொல்லிக் குடுக்கிற? செத்தது கித்ததுன்னு எதுவும் வரப்படாது" என்றார்.

இப்படித்தான் நான் மொழிபெயர்ப்பாளர் ஆனேன். "பெட்சீட்" விரித்த தரையில் அவள் என் தோளோடு ஒட்டி உட்கார்ந்திருப்பாள். சிங்களக் குரலுக்கு அரை வார்த்தை பின்னால் அவள் காதுக்குள் நான் தமிழில் சொல்லிக்கொண்டே வருவேன். செத்தவர்களின் ஊர் என் தமிழில் "தூரத்து ஊர்" ஆனது. சாவு "பிரயாணம்" ஆனது. கல்லறையைக் காட்டினால் அது பேருந்து தரிப்பிடத்துக் கல் என்றேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. ஒரு கதையை என் வாயால் வேறு கதையாக்க முடிகிறது என்ற தலைக்கனம் எனக்கு வந்துவிட்டது. அடுக்களையில் பெரியவர்கள் படும் பாட்டுக்கு நானும் தோள் கொடுக்கிறேன் என்ற பெருமை வேறு.

நிரோஷா அந்தக் கதைக்குள் குடியேறிவிட்டாள். டியூஷன் விட்டு வரும்போது கண்டி வாவியோரத்து மதிலில் எட்டிப் பார்த்து, தண்ணீருக்குள் படி ஏதாவது தெரிகிறதா என்று தேடுவாள். மீன் திரளும் இடத்தைக் காட்டி, அங்கேதான் வாசல் இருக்க வேண்டும் என்பாள். நான் இழுத்துக்கொண்டு வருவேன். ஒரு நாள் என்னைக் கேட்டாள், லாம்புக்காரியின் அம்மாவை யாராவது பிடித்து வைத்திருக்கிறார்களா, இல்லை அவளாகவே வராமல் இருக்கிறாளா என்று. வர முடியாமல் இருக்கிறாள் என்றேன். அந்த ஒன்றுதான் நான் அவளுக்குச் சொன்னதில் உண்மை.

தொடர் நாளாக நாளாகச் சோடை போனது. முதல் இரண்டு வாரம் மூச்சுவிடாமல் பார்க்க வைத்தவர்கள், பிறகு ஒரு வாரம் முழுக்கப் பழைய காட்சிகளையே வெட்டி ஒட்டிக் காட்டினார்கள். ஆட்களின் முகம் நாளுக்கு ஒரு மாதிரி வரைந்திருந்தது. கடைசி வீட்டுக்குப் போகிற வழியில் சம்பந்தமே இல்லாமல் ஒரு மீன் சந்தையில் லாம்புக்காரி மூன்று நாள் நின்றாள். பக்கத்து வீட்டுச் சந்துனிக்கு என் வயது. அவள் கோபத்தில், இவங்களுக்குக் காசு முடிந்துவிட்டது போல என்று மதிலுக்கு மேலாலே கத்துவாள். ஆனாலும் ஐந்து மணிக்கு ஒழுங்கையில் ஒரு பிள்ளையும் வெளியே நிற்காது. கடைசிக் கதவு திறந்தே ஆக வேண்டும்.

ஆகஸ்டில் சவப்பெட்டி வந்து சேர்ந்தது. பரீட்சைக்குப் பத்து நாள்தான் இருந்தது. நேராகத் தெல்தோட்டைக்குக் கொண்டுபோய், சித்தி பிறந்த லயத்தில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு, அன்றைக்கே தோட்டத்து மயானத்தில் அடக்கம் செய்வதென்று முடிவானது. நிரோஷாவிடம், தோட்டத்தில் ஒரு கல்யாணம், பெரியவர்கள் மட்டும் போய்விட்டு வருகிறோம் என்று சொன்னார்கள். என் தோட்டத்துக் கல்யாணத்துக்கு நான் ஏன் வரக்கூடாது என்று அவள் கேட்டாள். பரீட்சை என்றார் அப்பா. அந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது.

வேன் வாசலில் நின்றது. அம்மா வெளுத்த சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு படியிறங்கும்போது, நிரோஷா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"பெரியம்மா, கல்யாணத்துக்குப் போறீங்க, பூவே வைக்கல்லையே."

அம்மா திரும்பி உள்ளே போனாள். சாமிப் படத்துக்குப் போட்டிருந்த மல்லிகைச் சரத்தில் ஒரு முழத்தைக் கிள்ளித் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். செத்த தங்கையைப் பார்க்கப் போகிறவள் தலையில் பூவோடு வேனில் ஏறினாள். பேராதனை தாண்டுவதற்குள் பிய்த்து எறிந்துவிட்டேன் என்று பல வருடம் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள். அப்பா ஏறுவதற்கு முன்னால் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இன்னைக்கி அவள வீட்ட விட்டு வெளிய விட்டிறாத. டிவி முன்னால வச்சிக்க" என்றார்.

அன்றைக்குத்தான் "லாம்புக்காரி"யின் கடைசி நாள். பிற்பகல் முழுக்க மழை தூறியது. மணி ஐந்தானதும் நிரோஷா முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கடைசிக் கதவு திறக்கிற நாளல்லவா.  தெல்தோட்டையில் இப்போது என்ன நடந்துகொண்டிருக்கும் என்று தெரிந்தவள் அந்த அறையில் நான் ஒருத்திதான்.

முடிவு எப்படியிருந்தது என்று சொல்லிவிடுகிறேன். லாம்புக்காரி கடைசி வீட்டுக்கு வந்துவிட்டாள். தட்டினாள். யாரும் கூப்பிடவில்லை. கதவைத் தள்ளினாள். உள்ளே யாரும் இல்லை. பாய் ஒன்று சுருட்டி வைத்திருந்தது, மேசையில் ஒரு கோப்பைச் சோறு மூடி வைத்திருந்தது, அவ்வளவுதான். அவள் உட்கார்ந்து அந்த ஆறிய சோற்றைத் தின்றாள். மெதுவாக, ஒரு பருக்கை விடாமல் தின்றாள். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பிறகு லாம்பைத் தூக்கி ஊதி அணைத்தாள். திரை கறுப்பாகிப் பெயர்கள் ஓடத் தொடங்கின. அம்மாவின் முகத்தைக்கூட ஒரு தடவை காட்டவில்லை. பக்கத்து வீட்டில் எதையோ எறிந்து உடைக்கும் சத்தம் கேட்டது. மதிலுக்கு அந்தப் பக்கம் சந்துனி அழுகிற குரலில் ஏசிக்கொண்டிருந்தாள். ஆறு வாரம் காத்திருந்த பிள்ளைகளை ஏமாற்றிவிட்டார்கள் என்று ஒழுங்கையே கொந்தளித்தது.

எங்கள் முன்னறையில் அந்தக் கொந்தளிப்பு இல்லை. கதவு திறந்த கணத்திலேயே நான் வேறு கதையைத் தொடங்கிவிட்டேன். அம்மா பின்பக்கம் தண்ணீர் அள்ளப் போயிருக்கிறாள் என்றேன். சோற்றை மகளுக்காகத்தான் மூடி வைத்திருக்கிறாள், சாப்பிட்டுவிட்டு இரு, வந்துவிடுகிறேன் என்று அங்கிருந்து குரல் கொடுக்கிறாள் என்றேன். அப்படியானால் லாம்பை ஏன் அணைத்தாள் என்று நிரோஷா கேட்டாள். இனித் தேட வேண்டியதில்லை, அதுதான் என்றேன். பெயர்கள் ஓடி முடிந்து விளம்பரம் வந்த பிறகும் நான் நிறுத்தவில்லை. அம்மாவும் மகளும் படியேறி மேலே வந்து, பஸ் பிடித்து, ஊருக்குப் போய்ச் சேர்கிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். லாம்பு அணைந்த பிறகு திரையை அவள் பார்க்கவே இல்லை என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

இரவு வேன் திரும்பி வந்தது. கல்யாணச் சாப்பாடு எப்படி என்று அவள் கேட்டாள். அம்மா நன்றாக இருந்தது என்றாள்.

மறுநாள் சந்துனி வாசலில் நின்று, ஒருவருக்கும் பிடிக்காத அந்த முடிவைக் கையை ஆட்டி ஆட்டித் திட்டிக்கொண்டிருந்தாள். நிரோஷாவுக்குச் சிங்களம் அரைகுறையாகப் புரியத் தொடங்கியிருந்தது. உள்ளே வந்து என்னிடம், அவள் அம்மா வரவே இல்லையாமே என்றாள். சந்துனி சரியாகப் பார்த்திருக்க மாட்டாள் என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி அக்கா என்று மாதிரி வினாத்தாளை எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அந்தக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அவள் புள்ளி எதுவும் எழுதவில்லை. அதை நான் கவனித்தேன். கவனித்தும் யாரிடமும் சொல்லவில்லை.

அவள் பாஸானாள். வெட்டுப்புள்ளிக்கு மேலே பதினொரு புள்ளி. பெறுபேறு வந்த அன்று அப்பா அவளைக் கதிரையில் உட்காரவைத்து, முதலில் வாழ்த்தினார். பிறகு கந்தோரில் கடிதம் வாசிப்பது மாதிரி எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லி முடித்தார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிரோஷா அழவில்லை. எங்கே புதைத்தீர்கள் என்று கேட்டாள். என்றைக்கு என்று கேட்டாள். அப்பா திகதியைச் சொன்னார்.

"எத்தன மணிக்கி மண்ணு போட்டாங்க பெரியப்பா?"

"அஞ்சே கால் இருக்கும்மா."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.  ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

எங்கள் சொந்தத்தில் அப்பாவை எல்லோரும் மெச்சினார்கள். சொல்லியிருந்தால் பிள்ளை பரீட்சையைக் கோட்டை விட்டிருக்கும், நல்ல வேலை செய்தீர்கள் என்றார்கள். நிரோஷா எங்கள் வீட்டிலிருந்தே உயர்தரம் வரைக்கும் படித்தாள். முன்னறையில் டிவி ஓடினால் எழுந்து போய்விடுவாள். இப்போது நீதிமன்றத்தில் சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடையே உரைபெயர்ப்பாளராக இருக்கிறாள். ஒரு சொல் கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள் என்று சட்டத்தரணிகளிடம் அவளுக்குப் பெயர். என்னோடு நன்றாகத்தான் பழகுகிறாள். தீபாவளிக்கு வருவாள், பலகாரம் கொண்டுவருவாள். அந்த நாளைப் பற்றி இருபது வருடத்தில் நாங்கள் ஒரு தடவைகூடப் பேசவில்லை. மன்னிப்புக் கேட்க நான் எத்தனையோ தரம் வாயெடுத்தேன், வரவில்லை.

போன வருடம் அப்பா இறந்தார். என் மகள் ஆரணி ஐந்தாம் வகுப்பில் இருந்தாள், பரீட்சைக்கு ஒன்பது நாள் இருந்தது. நம்புவீர்களோ தெரியாது, அதே பேச்சு மறுபடி எழுந்தது. சுற்றி நின்ற பெரியவர்கள், பிள்ளைக்கு இப்போது சொல்லாதே, டியூஷன் விட்டதும் பேராதனையில் ஒரு வீட்டில் கொண்டுபோய் வைப்போம், தாத்தா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று சொல்வோம் என்றார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையாட்டினேன். எல்லாம் தெரிந்த நான், ஒரு பிள்ளையை அப்படி உட்காரவைத்துக் கெடுத்த நான், என் பிள்ளை என்று வந்ததும் தலையாட்டினேன். ஒன்பது நாள்தானே என்று தோன்றியது. அப்பாவுக்கும் அன்று அப்படித்தான் தோன்றியிருக்கும்.

நிரோஷா அந்தக் கூட்டத்தில் ஓர் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எப்போது வெளியே போனாள் என்று நான் பார்க்கவில்லை. அரை மணி நேரத்தில் ஆரணியின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் ஏறினாள். பிள்ளையின் முதுகில் புத்தகப்பை அப்படியே இருந்தது, முகம் அழுது வீங்கியிருந்தது. வழியிலேயே எல்லாவற்றையும் சொல்லித்தான் கூட்டி வந்திருக்கிறாள். யாரோ குறுக்கே வந்து, இப்போது போய் இதைச் செய்யலாமா என்று கேட்டார்கள். அவள் நிற்கவில்லை. அப்பாவின் தலைமாட்டுக்கு ஆரணியைக் கொண்டுபோய், தட்டிலிருந்த வாய்க்கரிசியில் ஒரு பிடி அள்ளி அந்தச் சின்னக் கையில் வைத்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். இருபது வருடத்துக்கு முன்னால் அந்தக் கதிரையிலிருந்து பார்த்த அதே பார்வை.

"எனக்குப் போடக் கெடைக்கல்ல அக்கா. இவ போடட்டும்."

பெண்கள் மயானத்துக்குப் போகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அவர்கள் இரண்டு பேரும் போனார்கள்.

ஒழுங்கையில் நாங்கள் இருந்த வீடு இப்போது இல்லை. இடித்துவிட்டு வாகனம் நிறுத்தும் இடம் ஆக்கிவிட்டார்கள். சந்துனி வீட்டார் எங்கே போனார்களோ தெரியாது. அந்தத் தொலைக்காட்சிப் பெட்டியை எந்தப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டோம் என்பதும் மறந்துவிட்டது. "லாம்புக்காரி" மட்டும் இணையத்தில் எங்கோ கிடக்கிறது. அப்பாவின் காரியம் முடிந்த பிறகு தேடிப் பிடித்துக் கடைசி நாளைப் பார்த்தேன். கீழே உலகம் முழுக்க இருந்து ஆட்கள் இன்னமும் அந்த முடிவைத் திட்டி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களோடு சண்டைக்குப் போக எனக்கு மனமில்லை. வரைந்தது மோசம்தான், மீன் சந்தை அநியாயம்தான். ஆனால் அம்மா இல்லாத வீட்டில் அந்தப் பிள்ளை சோற்றைத் தின்று கோப்பையைக் கழுவி வைக்கிற அந்த மூன்று நிமிடத்தை நிரோஷாவுக்கு நான் கொடுத்திருக்கலாம். அவள் கேட்காமலே திரை கொடுத்தது, நான் இடையில் புகுந்து பிடுங்கிக்கொண்டேன்.

ஆரணி பரீட்சை எழுதினாள். வெட்டுப்புள்ளிக்கு மூன்று புள்ளி குறைவு. அன்றைக்கே சொன்னோமே என்று பெரியவர்கள் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சொல்லட்டும். அவள் தாத்தாவுக்கு எத்தனை மணிக்கு மண் போட்டார்கள் என்று அவள் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.